கீறல் எங்கே போகிறது?

கறுப்பு நிறக் கார் ஒன்று நண்பகல் வெயிலில் நிற்கிறது. அதன் பானட்டின் மேல் சூரியனின் பிம்பம் பளிச்சென்று தெரியும் இடத்தை உற்றுப் பாருங்கள். பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் வட்டவட்டமாகத் தெரியும். தொழிலில் இருப்பவர்கள் இவற்றை ஸ்வர்ல் மார்க் என்பார்கள்; நாம் சுழல் கீறல் என்று வைத்துக்கொள்வோம். துணியை வட்டமாகச் சுற்றித் துடைத்ததால் வந்த வடு என்று காரின் சொந்தக்காரர் காரணமும் கூறுவார்.

இப்போது இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். சூரியனின் பிம்பம் இடம் மாறியிருக்கும். அதனுடன் வட்டங்களும் இடம் மாறியிருக்கும்! பெயிண்டில் நிலையாகப் பதிந்த வட்டங்களானால் அவை எப்படி நம்முடன் நடந்து வரும்?

உண்மையில் அங்கே வட்டம் எதுவும் இல்லை. எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடும் சிறு கீறல்களே உள்ளன. ஒவ்வொரு கீறலும் ஒரு நுண்ணிய வாய்க்கால். அதன் இரு கரைகளும் சாய்வானவை. விழும் ஒளியை அவை தம் நீளத்துக்குக் குறுக்காக விசிறிபோல் விரித்து அனுப்புகின்றன. நீளவாக்கில் பெரும்பாலும் அனுப்புவதில்லை. ஆகவே பிம்பத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தால், அந்த வட்டத்தின் தொடுகோடாக அமைந்த கீறல்கள் மட்டுமே நம் கண்ணுக்கு ஒளியை அனுப்பும். மற்றவை இருட்டில் மறைந்து நிற்கும். தலையை நகர்த்தினால் முன்பு மறைந்தவை ஒளிரும், ஒளிர்ந்தவை மறையும். வீட்டில் நாள்தோறும் தேய்த்துக் கழுவும் எவர்சில்வர் தட்டை மின்விளக்கின் கீழே பிடித்தால் இதே காட்சியைக் காணலாம். இரவில் தெருவிளக்கைச் சுற்றி நனைந்த மரக்கிளைகள் கூடு கட்டியதுபோல் தோன்றுவதும் இதே கணக்குத்தான்.

வெள்ளைக் காரில் இவ்வளவு கீறல் ஏன் தெரிவதில்லை? வெள்ளைக் காரும் அதே அளவு கீறப்பட்டதுதான். பூச்சின் மேற்பரப்பு ஏறக்குறைய கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை, அதாவது 1.5-ஐ, உடையது. அத்தகைய பரப்பின் மேல் ஒளி நேராக விழுந்தால் அதில் நூற்றுக்கு 4 பங்கே எதிரொளிக்கும். இதை வகுப்பில் கணக்கிட்டிருப்பீர்கள். கறுப்பு நிறம் மீதி 96 பங்கையும் விழுங்கிவிடுகிறது. வெள்ளை நிறமியோ அதில் பெரும்பகுதியைச் சிதறடித்து வெளியே அனுப்பிவிடுகிறது. அந்த வெளிச்சத்தில் கீறலின் மெல்லிய ஒளி, பகலில் விண்மீன் மறைவதுபோல் மறைந்துவிடும். கறுப்புக் காரை வைத்துப் பேணுவது கடினம் என்று ஓட்டுநர்கள் சொல்வதில் பௌதிகம் இருக்கிறது.

இந்தக் கீறல்களை உண்டாக்குபவர் பெரும்பாலும் காரைத் துடைப்பவரேதான். சாலைப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் உண்டு. மோஸ் கடின அளவுகோலில் அதன் எண் 7. எஃகுக் கத்தியால்கூட அதைக் கீற முடியாது. அத்தகைய மணல்துகளைத் துணிக்கும் பிளாஸ்டிக் போன்ற மென்பூச்சுக்கும் நடுவில் வைத்து நாள்தோறும் அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்?

ஆனால் நாம் இங்கே பார்க்கப் போவது கீறல் வரும் வழியை அன்று; போகும் வழியை. பாலீஷ் போடுபவர் ஒரு சிறு பேடில் கொஞ்சம் பசை மருந்தைத் தடவி, எந்திரத்தில் மாட்டி, சில நிமிடம் சுற்றவிடுகிறார். துடைத்துப் பார்த்தால் கீறலைக் காணோம். அது எங்கே போயிற்று? கீறலின் பள்ளம் நிரம்பிற்றா? அல்லது சுற்றியிருந்த மேடு முழுவதும் பள்ளத்தின் மட்டத்துக்கு இறங்கிற்றா? விளையாட்டுக் கேள்விபோல் தோன்றும் இதற்கு விடை காண விஞ்ஞானிகள் 250 ஆண்டுகளுக்கு மேல் வாதிட்டிருக்கிறார்கள்.

நியூட்டனின் கீலும் தூளும்

இக்கேள்விக்கு முதலில் தெளிவாக விடை கூறியவர் ஐசக் நியூட்டன். 1668-ல் எதிரொளிப்புத் தொலைநோக்கி ஒன்றை அவர் தம் கையாலேயே செய்தார். அதன் ஆடி கண்ணாடியால் ஆனதன்று. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்மையான உலோகத்தால் ஆனது. அதை மெருகேற்ற அவர் கையாண்ட முறையைத் தம் ஒளியியல் நூலில் (1704) விவரித்துள்ளார். உலோகத் தட்டின் மேல் கீலை மெல்லிய பூச்சாகப் பூசி, அதன் மீது வெள்ளீய ஆக்சைடுத் தூளைப் பரப்பி, ஆடியை அதன் மேல் வைத்துத் தேய்த்தார். தூளில் பருமனான துகள்கள் இராதபடி முன்கூட்டியே நன்றாகக் கழுவி எடுத்தார். ஒரே ஒரு பருந்துகள் தங்கிவிட்டாலும் பல மணி நேர உழைப்பு வீண் அன்றோ!

மெருகு என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கீறல்களின் தொகுதியே என்பது நியூட்டனின் முடிவு. தூள் எவ்வளவு நுண்ணியதானாலும் அதற்குக் கீறவும் தேய்க்கவும்தான் தெரியும். வேறு வித்தை தெரியாது. பெருங்கீறலைச் சிறு கீறல்களாலும், அவற்றை அவற்றினும் சிறிய கீறல்களாலும் அழித்துக்கொண்டே போகிறோம். கடைசிக் கீறல்கள் கண்ணுக்கு எட்டாதபோது நாம் அதைப் பளபளப்பு என்கிறோம்.

இம்முறையில் கீலுக்கு உள்ள பங்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கடினமான இரும்புத் தட்டின் மேல் தூளைத் தூவித் தேய்த்தால், உயரமாக நிற்கும் சில துகள்களே முழுச் சுமையையும் தாங்கும். ஆகவே ஆழமாகக் கீறும். கீல் மென்மையானது. துகள் அதில் அமுங்கி உட்கார்ந்துவிடும். பெரியதும் சிறியதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் தலை காட்டும். சுமை பல்லாயிரம் துகள்களுக்குப் பங்கிடப்படுவதால், ஒவ்வொன்றும் தன் பருமனைவிட மிகக் குறைந்த ஆழமே கீறும். இன்று பாலீஷ் எந்திரத்தில் மாட்டும் நுரைப் பஞ்சுப் பேட் செய்வதும் இதே வேலைதான். நியூட்டனின் கீலைக் கார்ப் பேடின் முப்பாட்டன் எனலாம்.

ரேலேயும் பீல்பியும்

அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஆடிகளும் வில்லைகளும் பெருகின. மெருகேற்றும் கைகளும் தேர்ச்சி பெற்றன. ஆனால் கேள்வி நின்ற இடத்திலேயே நின்றது. 1901-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ரேலே பிரபு மெருகு என்ற பொருள் பற்றியே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். ஆர்கான் வாயுவைக் கண்டறிந்தவர்களுள் ஒருவராகிய அதே ரேலேதான். அதற்காக 1904-ல் நோபல் பரிசும் பெற்றார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இவருடைய பங்கே. ஏனெனில் இவர் ஊகிப்பதற்கு முன்னால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

சொரசொரப்பாக அரைத்த கண்ணாடியை மெருகேற்றத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திப் பார்த்தால் என்ன தெரியும்? நியூட்டன் சொன்னபடியானால் பரப்பு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நுண்மையாகி வர வேண்டும். ரேலே கண்டது வேறு. மேடுகளின் உச்சிகள் மட்டும் சமதளமாகிப் பளபளத்தன. பள்ளங்கள் பழையபடியே இருந்தன. பளபளத்த உச்சிகளில் கீறல் என்று சொல்ல எதுவுமே தென்படவில்லை. மெருகு தொடங்கிய இடத்தில் முதலிலிருந்தே முழுமையாக இருந்தது. நேரம் ஆக ஆக அதன் பரப்பளவு மட்டும் கூடியது. ஆகவே கண்ணாடி துண்டு துண்டாக உடைந்து போகவில்லை, ஏறத்தாழ மூலக்கூறு மூலக்கூறாகவே கழன்று போகிறது என்று அவர் கருதினார்.

ஒரு பரப்பு எவ்வளவு சமமாக இருந்தால் பளபளப்பாகத் தோன்றும் என்பதற்கும் ரேலேயின் பெயரால் ஒரு விதி உண்டு. மேட்டில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் பள்ளத்தில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் உள்ள பாதை வேறுபாடு கால் அலைநீளத்துக்குள் அடங்கினால் அப்பரப்பு ஒளிக்குச் சமதளமே. ஒளி போக வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆகவே நேராக விழும் ஒளிக்கு மேடுபள்ளம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு வரை இருக்கலாம். பச்சை ஒளிக்கு இது சுமார் 0.07 மைக்ரான். (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) சாய்வாகப் பார்த்தால் விதி தளர்கிறது. பளபளப்பில்லாத வழவழத் தாளைக் கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்து, அதன் விளிம்போரமாக ஜன்னலைப் பாருங்கள். தாளிலும் ஜன்னல் மங்கலாகத் தெரியும்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வேதியியலார் ஜார்ஜ் பீல்பி ஒரு விசித்திரத்தைக் கண்டார். கீறல் விழுந்த உலோகத்தை மெருகேற்றினார், கீறல் மறைந்தது. பிறகு மேற்பரப்பை அமிலத்தால் மெல்லக் கரைத்தார். மறைந்த கீறல் அதே இடத்தில் மீண்டும் எழுந்து வந்தது! கால்சைட் படிகத்திலும் இவ்வாறே நடந்தது. அப்படியானால் கீறல் போகவில்லை, மூடப்பட்டிருக்கிறது. மெருகேற்றும்போது மேற்பரப்பிலுள்ள பொருள் பாகுபோல் ஓடிப் பள்ளங்களை நிரப்பி, படிக அமைப்பே இல்லாத ஒரு மெல்லிய போர்வையாக உறைகிறது என்பது பீல்பியின் கொள்கை. 1921-ல் இதைத் தனி நூலாகவே எழுதினார். அப்போர்வைக்குப் பீல்பி அடுக்கு என்றே பெயர் நிலைத்தது.

ஆக, ஒரே கேள்விக்கு மூன்று விடைகள் வந்து சேர்ந்தன. மேடு சீவப்படுகிறது என்றார் நியூட்டன். மூலக்கூறாகக் கழல்கிறது என்றார் ரேலே. பொருள் ஓடிப் பள்ளத்தை நிரப்புகிறது என்றார் பீல்பி. காருக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். மேடு சீவப்பட்டால் ஒவ்வொரு பாலீஷிலும் பூச்சு தேய்கிறது. பொருள் ஓடி நிரப்பினால் தேயவே தேயாது. காரின் சொந்தக்காரருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

கார்களுக்கு மெருகு வந்த கதை

தொடக்க காலக் கார்களுக்குக் குதிரை வண்டிகளுக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷையே பூசினார்கள். ஒரு பூச்சு காய்ந்ததும் நுரைக்கல் தூளால் தேய்த்து, அதன் மேல் அடுத்த பூச்சு. இப்படி ஒரு காரை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். பிற பாகங்கள் மளமளவென்று உற்பத்தியாக, பெயிண்ட் காய்வதற்காகக் கார்கள் கொட்டகையில் வரிசையாகக் காத்துக் கிடந்தன. ஹென்றி ஃபோர்டு 1914 முதல் 1925 வரை தம் மாடல்-டி கார்களைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றதை அறிந்திருப்பீர்கள். சூளையில் வைத்து உலர்த்தும் கறுப்புப் பூச்சு மலிவானது, உழைப்பது. வேலையையும் தேங்க விடாது.

மாற்றம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. முதல் உலகப் போரின்போது வெடிமருந்துக்காக நைட்ரோசெல்லுலோஸை மலைமலையாகச் செய்த டூபாண்ட் நிறுவனம், போர் முடிந்ததும் அதற்கு வேறு பயன் தேடியது. 1920-ல் அதன் ஆய்வாளர்கள், கெட்டியான நைட்ரோசெல்லுலோஸ் கரைசல் ஒன்று சில நாள் அப்படியே விடப்பட்டதில் நீர்த்துப் போயிருப்பதைக் கண்டார்கள். நீர்த்த கரைசலில் நிறமியை நிறையச் சேர்க்கலாம், பீச்சாங்குழல்போல் தெளிக்கலாம், கரைப்பான் ஆவியானதும் பூச்சு காய்ந்துவிடும். இதன் விளைவே டூக்கோ லாக்கர். 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட நீல நிற ஓக்லண்ட் கார்களில் இது முதன்முதலாக இடம் பெற்றது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. கார்களுக்கு நிறங்களும் வந்தன.

டூக்கோவில் ஒரு குறை இருந்தது. தெளித்துக் காய்ந்த நிலையில் அது வார்னிஷ்போல் பளபளக்காது. தேய்த்தால்தான் மெருகு வரும். ஆகவே, தொலைநோக்கி செய்பவர்களின் கைத்தொழிலாக இருந்த மெருகேற்றல் கார்த் தொழிற்சாலைக்குள் ஒரு தனிப் பிரிவாகவே நுழைந்தது. வெயிலில் நின்ற கார் நாளடைவில் மங்கிச் சுண்ணம்போல் வெளுக்கும். மறுபடி தேய்த்தால் உள்ளிருந்து புதுநிறம் தலை காட்டும். மெருகுப் பசையும் மெழுகும் விற்பது பெருவணிகமாயிற்று. 1910-ல் சிகாகோவில் தொடங்கிய சிமோனிஸ் நிறுவனத்தின் பெயர் அமெரிக்க மக்களின் பேச்சில், காரை மெழுகிட்டுத் துடைப்பதற்கான வினைச்சொல்லாகவே மாறிவிட்டது.

நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய கார்களுக்கு ரப்பிங் போட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சிவப்புக் காரைத் தேய்த்தால் துணி சிவக்கும். நீலக் காரைத் தேய்த்தால் நீலமாகும். பெயிண்ட் துணிக்கு வந்து சேர்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பீல்பியின் கொள்கையைப் பட்டறைப் பையன் ஒருவன் துணியைக் காட்டியே மறுத்திருக்க முடியும்! ஆனால் விஞ்ஞானம் அவனைக் கேட்கவில்லை.

கற்பூரப் பரிசோதனை

1930-களில் பீல்பியின் கை ஓங்கியது. மெருகேற்றிய உலோகத்தில் எலக்ட்ரான் கற்றையைச் சாய்வாகச் செலுத்தியபோது, படிகத்துக்கே உரிய கூர்மையான வளையங்கள் மறைந்து, மங்கலான பரந்த வளையங்களே கிடைத்தன. படிகமற்ற போர்வைக்கு இது சான்று என்றார்கள்.

1937-ல் கேம்பிரிட்ஜில் பௌடனும் ஹியூஸும் செய்த பரிசோதனை இதைவிடச் சுவையானது. ஒன்றை மெருகேற்ற அதைவிடக் கடினமான பொருள் வேண்டும் என்றுதானே நினைக்கிறோம்? அவர்கள் கற்பூரத்தை எடுத்துக்கொண்டார்கள். நகத்தால் கீறினால் உதிரும் கற்பூரம், சுமார் 70 டிகிரி சென்டிகிரேடில் உருகும் உட் உலோகக் கலவையை மெருகேற்றிவிட்டது! ஆனால் 232 டிகிரியில் உருகும் வெள்ளீயத்திடம் அதன் வித்தை பலிக்கவில்லை. கற்பூரத்தின் உருகுநிலை சுமார் 178 டிகிரி. கடினம் முக்கியமன்று, உருகுநிலையே முக்கியம் என்பது அவர்கள் முடிவு. உராய்வின் வெப்பத்தால் மேட்டின் உச்சி ஒரு கணம் உருகி வழிகிறது. தேய்க்கும் பொருள் முதலில் உருகிவிட்டால் மெருகு ஏறாது.

இவ்வளவு அழகான பரிசோதனையை யார் மறுப்பார்கள்? மறுத்தவர் லெனார்ட் சாமுவேல்ஸ் என்ற ஆஸ்திரேலிய உலோகவியலார். 1950-களிலிருந்து மெல்பர்னில் அவர் பொறுமையாகச் செய்த வேலை, மெருகேற்றிய உலோகங்களைச் சாய்வாக வெட்டி, மேற்பரப்பின் அடியில் இருப்பதை மைக்ராஸ்கோப்பில் காண்பது. உருகி உறைந்த போர்வை எதுவும் அவருக்குத் தென்படவில்லை. நசுங்கிச் சிதைந்திருந்தாலும் படிகமாகவே இருந்த உலோகமே மேற்பரப்பு வரை தொடர்ந்தது. மெருகுத்துகள் ஒவ்வொன்றும் கடைசல் எந்திரத்தின் உளிபோல் நுண்ணிய சீவலைச் சீவி எடுப்பதே மெருகேற்றல் என்று அவர் காட்டினார். அமிலத்தில் மீண்டும் எழுந்த கீறல்? கீறல் விழுந்தபோது அதன் அடியிலுள்ள உலோகமும் சிதைந்தது; சிதைந்த உலோகம் அமிலத்தில் விரைவாகக் கரையும்; ஆகவே பழைய கோட்டின் தடம் தெரிகிறது. பீல்பி பார்த்தது சரி. பொருள் கொண்டது பிழை.

உலோகத்தைப் பொறுத்தவரை நியூட்டன் வென்றார். கண்ணாடிக்கு ரேலேயே நெருங்கியவர்: நீரும் சீரியம் ஆக்சைடு போன்ற தூளும் கண்ணாடியின் மேற்பரப்புடன் வேதிவினை புரிந்து, அதை அணு அளவில் கழற்றுகின்றன என்பது இன்று தெளிவு.

கண்ணாடிச் சட்டை

இதற்கிடையே காரின் பூச்சே மாறிப்போயிற்று. 1970-களின் பிற்பகுதியிலிருந்து இருவகைப் பூச்சு பரவியது: அடியில் நிறம் கொண்ட மெல்லிய பூச்சு, அதன் மேல் நிறமே இல்லாத தெளிபூச்சு. காருக்குக் கண்ணாடிச் சட்டை போட்டதுபோல் ஆழமான பளபளப்பு வந்தது. இன்று சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இவ்வகையே. தேய்த்தால் துணியில் இப்போது நிறம் ஒட்டுவதில்லை. எனவே பூச்சு தேய்வதும் கண்ணுக்குத் தெரிவதில்லை! சாட்சி மறைந்ததால், பாலீஷ் போடப்போடக் காருக்கு நல்லது என்ற எண்ணம் வளர்ந்தது.

தெளிபூச்சின் தடிமன் பொதுவாக 40 மைக்ரான் அளவுதான்; தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் பொருள்களை அதில் கலந்திருக்கிறார்கள். அடியிலுள்ள நிறத்துக்கு அதுவே குடை. உறிஞ்சும் விதி அடுக்குவிதி என்பதை மறக்கக் கூடாது. 40 மைக்ரான் பூச்சு ஒரு குறிப்பிட்ட புற ஊதாக் கதிரில் நூற்றில் ஒரு பங்கையே உள்ளே விடுகிறது என்று கொள்வோம். அதைப் பாதியாகத் தேய்த்துவிட்டால் உள்ளே புகுவது இரு மடங்கு ஆகாது. பத்தில் ஒரு பங்கு, அதாவது பத்து மடங்கு ஆகும். பூச்சு அங்கங்கே வெளுத்துத் தோலாக உரியும் கார்களைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் பாலீஷ் காரணமன்று. ஆனால் தேய்ந்த குடை அதை விரைவுபடுத்தும்.

கீறலின் ஆழம் 2 மைக்ரான் என்றால், அதை நீக்குவதற்குச் சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் 2 மைக்ரான் இறக்க வேண்டும். பானட் முழுவதும் இருக்கும் கீறல் என்றால் பானட் முழுவதையும். ஒரு சாண் நீளக் கீறலுக்கு அப்படிச் செய்ய வேண்டியதில்லை அல்லவா? இங்கேதான் சிறு பேடுக்கு வேலை வருகிறது.

பரப்பு முழுவதையும் தேய்க்காமல் வேண்டிய இடத்தை மட்டும் சிறு கருவியால் தேய்ப்பது தொலைநோக்கிக்காரர்களின் பழைய உத்தி. பாரிஸில் லியான் ஃபூக்கோ 1859-ல் இதை விவரித்தார். ஆடியின் குவியத்தில் கத்தி விளிம்பை நிறுத்திப் பார்த்தால், எந்த இடம் மேடு என்பது நிழலாகத் தெரியும். அந்த மேட்டை மட்டும் சிறு மெருகுக் கட்டையால் தேய்த்து இறக்குவார், மறுபடி சோதிப்பார். பிற்காலத்தில் ஹப்பிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடியைக் கணிப்பொறி இயக்கும் சிறு பேடுகளே மெருகேற்றின; 1981-ல் வேலை முடிந்தது. சோதிக்கும் கருவியில் ஒரு பாகம் 1.3 மில்லிமீட்டர் இடம் தவறி இருந்ததால், ஆடியின் ஓரம் சுமார் 2 மைக்ரான் அதிகமாக இறங்கிவிட்டது. மேலே சென்ற பிறகு, 1990-ல் அனுப்பிய படங்கள் மங்கலாக வந்தபோதுதான் அது தெரிந்தது. அந்த 2 மைக்ரான், ஒரு கார்க் கீறலின் ஆழம்!

காருக்குச் சிறு பேட் ஏற்றது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 7 அங்குலப் பேட் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு வினாடிக்குச் சுமார் 14 மீட்டர் வேகத்தில் ஓடும். மணிக்கு 50 கிலோமீட்டர் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும். அதே சுற்றில் 3 அங்குலப் பேடின் விளிம்பு 6 மீட்டரே ஓடும். உராய்வு வெப்பம் அதற்கேற்பக் குறையும். கதவின் வளைவிலும் கண்ணாடியின் ஓரத்திலும் பேட் முழுமையாகப் படியும். ஆனால் மறுபக்கமும் உண்டு. கையின் அழுத்தம் அதேயானால், விட்டம் பாதிக்கும் குறைவான பேடில் பரப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மேலும் விழும் அழுத்தம் ஐந்து மடங்குக்கு மேல். அதே இடத்தில் நின்று தேய்த்தால் குழி விழும். கூர்மையான விளிம்புகளில் பூச்சு இயல்பாகவே மெல்லியது; அங்கே சில வினாடிகளில் நிறம் வரை தேய்ந்துவிடலாம். நேராகச் சுற்றும் எந்திரம் தானே ஒரு புதிய சுழல் கீறலை விட்டுச் செல்வதும் உண்டு. அதனால்தான் பேட் சுற்றிக்கொண்டே மையம் தள்ளாடும் எந்திரங்கள் வந்தன; ஒரே துகள் ஒரே தடத்தில் திரும்ப ஓடாதபடி அவை தடத்தைக் கலைத்துவிடுகின்றன.

தேர்ந்த வேலைக்காரர்கள் தடிமன் அளக்கும் சிறு கருவி ஒன்றை வைத்திருக்கிறார்கள். இரும்புத் தகட்டின் மேல் அது காந்தப் பாயத்தின் மாற்றத்தாலும், அலுமினியத்தின் மேல் சுழல் மின்னோட்டத்தாலும் மொத்தப் பூச்சின் தடிமனை மைக்ரானில் காட்டும். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் அளக்காமல் எந்திரத்தைத் தொடுபவரிடம் காரைக் கொடுக்காமல் இருப்பது மேல் என்பேன்.

பீல்பியின் மறுபிறவி

ஒரு மைக்ரான்கூடத் தேய்க்காமல் கீறலை மறைக்கவும் வழி இருக்கிறது. மெருகுப் பசைகள் சிலவற்றில் எண்ணெயும் மெழுகும் பிசினும் கலந்திருக்கும். அவற்றின் ஒளிவிலகல் எண் பூச்சின் எண்ணுக்கு அருகில் இருப்பதால், பள்ளத்தை நிரப்பியதும் கீறலின் கரை ஒளிக்குத் தெரியாமல் போய்விடுகிறது. சொரசொரப்பான கண்ணாடியில் எண்ணெய் தடவினால் ஊடுருவித் தெரிவது இதனால்தான். பழைய காரை விற்பவருக்கு இது மிகவும் உதவும். வாங்கியவர் நாலைந்து முறை சோப்பு நீரில் கழுவியதும், பீல்பியின் அமிலத்தில் எழுந்த கோடுகள்போல, எல்லாக் கீறல்களும் எழுந்து வரும்.

பொருள் ஓடிப் பள்ளம் நிரம்பும் என்ற பீல்பியின் கொள்கைக்கும் காரில் ஓரளவு இடம் கிடைத்துவிட்டது. தெளிபூச்சு உலோகமன்று, பாலிமர். அதில் விழும் மெல்லிய தடங்களில் பொருள் வெட்டுப்படாமல் பக்கவாட்டில் நசுங்கி ஒதுங்கி மட்டும் இருக்கலாம். வெப்பம் ஏறிப் பாலிமர்ச் சங்கிலிகள் தளர்ந்தால் அவை பழைய நிலைக்குத் திரும்ப முயலும். 2005-ல் ஜப்பானின் நிசான் நிறுவனம் இதையே பயன்படுத்தி, மெல்லிய கீறல்கள் தாமே ஆறும் பூச்சை அறிவித்தது. கீறலின் ஆழத்தையும் வெப்பநிலையையும் பொறுத்து ஒரு நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும் என்றது. வெட்டுப்பட்ட ஆழமான கீறல் ஆறாது. அதற்கு நியூட்டனின் வழிதான்.

பழைய கார் ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால், கையில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் ஒரு டார்ச் விளக்கும் கொண்டு செல்லுங்கள். சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பளபளக்கும் பானட்டில் ஒரு கையகல இடத்தை ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியால் அழுத்தாமல் துடையுங்கள். பிறகு காரை நிழலுக்குக் கொண்டுவரச் சொல்லி, டார்ச்சின் பிம்பம் அந்த இடத்திலேயே விழும்படி பிடித்துப் பாருங்கள்.